தண்ணீர்மலையிலிருந்து தீவைச் சுற்றி 55 கிலோமீட்டர்: சைக்கிளில் கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் தண்ணீர்மலைப் பக்கம் போயிருக்கிறீர்களா? முருகன் கோயிலுக்கு 513 படி ஏறுபவர்கள், தாவரவியல் பூங்காவில் நடப்பவர்கள், கொடிமலைக்கு ஜீப் பாதையில் கிளம்புபவர்கள் என்று இருட்டிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். அந்தக் கூட்டத்தில் இன்னொரு கோஷ்டியும் உண்டு. ஹெல்மெட், பின்னால் மின்னும் சிவப்பு விளக்கு, சட்டைப் பைக்குள் வாழைப்பழம். சாலை சைக்கிள் ஓட்டுபவர்கள்.

அவர்களில் பலர் போவது மேலே அல்ல, மலையைச் சுற்றி. ஜார்ஜ்டவுனில் தொடங்கி, மலையின் பின்பக்கம் இருக்கிற பாலிக் பூலாவைத் தொட்டு, வடக்குக் கடற்கரை வழியாக வீட்டுக்குத் திரும்பும் சுற்று அது. தூரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். "நடுத்தரம்" என்றுதான் இதைச் சொல்வார்கள்.

கெர்னி டிரைவிலோ கிழக்குக் கடற்கரையோரச் சைக்கிள் பாதையிலோ 40 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர்களுக்கு இதைக் கேட்டதும் ஆசை வரும். "இன்னும் 15 கிலோமீட்டர்தானே, முடியலைன்னா திரும்பிடலாம்" என்று தோன்றும்.

இந்தச் சுற்றில் ஏமாற்றுவது அந்த இரண்டாவது வாக்கியம்தான். ஏன் என்பதையும், எப்படித் தயாராவது என்பதையும் இந்த விளக்கத்தில் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்

- தூரம்: சுமார் 55 கி.மீ.
- நேரம்: சாப்பாட்டு நிறுத்தத்தோடு நாலே முக்கால் மணி நேரம்
- பெரிய ஏற்றங்கள்: இரண்டு. துன் சார்டோன் சாலையில் ஒன்று, தித்தி கெராவாங் பக்கம் இன்னொன்று
- திரும்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய இடம்: முதல் மலையின் உச்சி. பாலிக் பூலாவ் அல்ல
- போகக்கூடாத நேரம்: மழை பெய்யும்போதும், கனமழை பெய்த மறுநாளும்

எந்த வழி?

தண்ணீர்மலை அடிவாரத்திலிருந்து, அதாவது ஜாலான் கெபுன் பூங்காவிலிருந்து கிளம்புகிறோம். ஜாலான் உத்தாமா, ஸ்காட்லண்ட் ரோடு வழியாக ஆயர் ஈத்தாம் சாலையைப் பிடிக்க வேண்டும். ஆயர் ஈத்தாம் சந்தையை நெருங்கும்போது வலப்பக்கம் மேலே கெக் லோக் சீ கோயில் தெரியும். அங்கிருந்து பாயா தெருபோங். இரு பக்கமும் அடுக்குமாடி வீடுகள் நிற்கிற நெரிசலான பகுதி இது. வேலை நாளில் இந்த வழியைத் தவிர்ப்பது நல்லது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு நிம்மதியாகப் போகலாம்.

பாயா தெருபோங் தாண்டியதும் துன் சார்டோன் சாலை. பினாங்கு ஆளுநராகவும், அதற்கு முன் நாட்டின் போக்குவரத்து அமைச்சராகவும் இருந்த துன் சார்டோன் ஜுபிரின் பெயர் கொண்டது. முதல் ஏற்றம் இங்கேதான். வீடுகள் மறையும், மரங்கள் நெருங்கும், சாலை வளைய ஆரம்பிக்கும். உச்சி தாண்டி இறங்கினால் பாலிக் பூலாவ்.

பாலிக் பூலாவில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வடக்கே திரும்புங்க. சுங்கை ரூசா, சுங்கை பினாங் பக்கம் சில கிலோமீட்டர் சமதளம். அப்புறம் தித்தி கெராவாங் அருவியை ஒட்டி இரண்டாவது ஏற்றம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 800 அடி உயரத்தில் இருக்கிற பழத்தோட்டத்தைத் தாண்டினால், தெலுக் பஹாங் அணைக்கட்டுவரை இறக்கம்தான்.

தெலுக் பஹாங்கிலிருந்து கடற்கரைச் சாலை. பத்து பெரிங்கி, தஞ்சோங் பூங்கா, தஞ்சோங் தோக்கோங். அங்கிருந்து பாகான் ஜெர்மால், கொட்லிப் ரோடு வழியாக மறுபடியும் தண்ணீர்மலை.

வழியில் வரும் பெயர்களையும் கொஞ்சம் கவனியுங்க. ஆயர் ஈத்தாம் என்றால் மலாயில் கறுப்புத் தண்ணீர். பாலிக் பூலாவ் என்றால் தீவின் பின்பக்கம். தெலுக் பஹாங்கில் வரும் 'பஹாங்' வெக்கையைக் குறிக்கும் சொல். பத்து பெரிங்கியில் வரும் 'பெரிங்கி'யும் நம் பாட்டிமார் சொல்லும் 'பரங்கி'யும் ஒரே வேரில் பிறந்தவை. இவற்றில் சைக்கிளோட்டி மறக்கக்கூடாத பெயர்கள் இரண்டு: தீவின் பின்பக்கம், வெக்கை.

"முடியலைன்னா திரும்பிடலாம்" என்று ஏன் நினைக்கக்கூடாது?

பினாங்குத் தீவின் நடுவில் வடக்குத் தெற்காக ஒரு மலைத்தொடர் கிடக்கிறது. ஜார்ஜ்டவுன் அதற்குக் கிழக்கே, பாலிக் பூலாவ் மேற்கே. பாலிக் பூலாவிலிருந்து நகரத்துக்கு வர மூன்று சாலைகள் உண்டு. நீங்கள் வந்த துன் சார்டோன், வடக்கே தெலுக் பஹாங் சாலை, தெற்கே கெந்திங் வழியாக தெலுக் கும்பார் போகும் சாலை. மூன்றுமே மலை ஏறித்தான் வரும். கெந்திங் ஏற்றம் மற்ற இரண்டைவிடச் சிறியது என்றாலும், அந்த வழி தெற்கே நீண்டு பாயான் லெப்பாஸைச் சுற்றி வருவதால் தூரம் கூடும்.

அதனால்தான் கணக்கு மாறுகிறது. கடற்கரையில் 20 கிலோமீட்டர் போய்க் களைத்தால், மெதுவாக உருட்டிக்கொண்டாவது வீட்டுக்கு வந்துவிடலாம். இங்கே 20 கிலோமீட்டரில் களைத்தால், நீங்கள் நிற்பது மலைக்குப் பின்பக்கம். வீட்டுக்கு வர இன்னொரு மலை ஏற வேண்டும், அதுவும் வெயில் ஏறிய பிறகு.

ஆகவே முடிவெடுக்க வேண்டிய இடம் துன் சார்டோன் உச்சி. அந்தச் சாலையில் அஞ்சோங் இண்டா என்ற ஓய்விடம் இருக்கிறது. நின்று தண்ணீர் குடிச்சு, மூச்சு ஆறிய பிறகு உங்களை நீங்களே கேளுங்க: "இப்போ ஏறினதை இன்னொரு தடவை, இதைவிடச் சூடான நேரத்தில் ஏற முடியுமா?" முடியும் என்றால் பாலிக் பூலாவ் பக்கம் இறங்குங்க. சந்தேகம் இருந்தால் வந்த வழியே திரும்புங்க. அங்கிருந்து வீடு வரைக்கும் பெரும்பாலும் இறக்கம்தான். மொத்தம் 25 கிலோமீட்டரை ஒட்டி வரும். நல்ல காலைப் பயிற்சிக்கு அது போதும்.

குழுவாகப் போகும்போது இந்தக் கேள்வியை வேகமாகப் போகிறவரிடம் கேட்காதீங்க. கடைசியாக ஏறி வருபவரிடம் கேளுங்க. அவர் வந்து சேர்ந்த உடனே கிளம்பவும் கூடாது. அவருக்கும் ஐந்து நிமிடம் ஓய்வு கொடுங்க. முன்னால் போனவர்கள் ஓய்வெடுத்து முடித்ததும் பின்னால் வந்தவர் ஓய்வில்லாமல் இறங்க ஆரம்பிப்பது குழுக்களில் அடிக்கடி நடக்கும் தவறு.

ஏற்றம் எவ்வளவு கடினம்?

மலைச்சாலையின் சரிவை விழுக்காட்டில் சொல்வார்கள். 5 விழுக்காடு என்றால், 100 மீட்டர் முன்னால் போகும்போது 5 மீட்டர் மேலே ஏறுகிறீர்கள். இந்தச் சுற்றின் இரண்டு ஏற்றங்களும் பெரும்பாலும் இந்த அளவைச் சுற்றித்தான் இருக்கும். சில வளைவுகளின் உட்பக்கம் மட்டும் செங்குத்தாக நிமிரும்.

ஒப்பிட்டுப் பார்க்க: தாவரவியல் பூங்காவின் வாசலிலிருந்து கொடிமலைக்குப் போகும் ஜீப் பாதை சுமார் 5 கிலோமீட்டரில் 600 மீட்டருக்கும் மேல் ஏறுகிறது. அதன் சராசரியே 13 விழுக்காட்டை ஒட்டி வரும். அது வேறு விளையாட்டு. நம் சுற்றில் சேராது.

5 விழுக்காட்டு ஏற்றத்தில் சராசரி உடல்தகுதி உள்ளவர் மணிக்கு 8 முதல் 10 கிலோமீட்டர் வேகத்தில் போவார். 4 கிலோமீட்டர் ஏற்றம் என்றால் அரை மணி நேரம் விடாமல் மிதிக்க வேண்டும். கடற்கரையில் பழகிய கால்களுக்கு இதுதான் புதுசு. சமதளத்தில் கொஞ்சம் மிதிக்காமல் விட்டாலும் சைக்கிள் ஓடும். ஏற்றத்தில் விட்டால் நின்றுவிடும்.

இரண்டு விஷயங்கள் உதவும்.

முதலாவது, கியர். முன்பக்கச் சிறிய பல்சக்கரம் 34, பின்பக்கப் பெரிய பல்சக்கரம் 28 அல்லது 32 இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். பழைய பந்தய சைக்கிளை வாங்கியிருந்தால் கடையில் கேட்டுப் பாருங்க. முன்பக்கம் 39, பின்பக்கம் 25 என்று இருந்தால் முழங்கால் கஷ்டப்படும்.

இரண்டாவது, பேச்சு. ஏறும்போது பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? முடிந்தால் சரியான வேகத்தில் இருக்கிறீர்கள். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைங்க. இன்னொரு மலை பாக்கி இருக்கிறது.

வெக்கை ஏன் ஏற்றத்தில்தான் தாக்குகிறது?

நம் உடம்பு சாப்பாட்டிலிருந்து எடுக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மிதிகட்டைக்குப் போகிறது. மீதி எல்லாம் சூடு. அந்தச் சூட்டை வியர்வை ஆவியாகித்தான் வெளியேற்ற வேண்டும்.

சமதளத்தில் மணிக்கு 25 கிலோமீட்டரில் போகும்போது முகத்தில் காற்றடிக்கும், வியர்வை காயும். ஏற்றத்தில் வேகம் 8க்கு இறங்கிவிடும். காற்று இல்லை. ஆனா நீங்கள் உழைப்பது முன்பைவிட அதிகம். காடு ஈரக்காற்றைப் பிடித்து வைத்திருக்கும். வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். உடம்பு நனைந்திருக்கும், ஆனால் குளிராது.

நிழல் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். நிழல் வெயிலைத் தடுக்கும், உடம்புக்குள் பிறக்கும் சூட்டைத் தடுக்காது.

தலைவலி, குமட்டல், உடம்பு சில்லென்று சிலிர்ப்பது, திடீரென்று கால் பலவீனமாவது ஆகியவை எச்சரிக்கை. உடனே இறங்கி நிழலில் உட்காருங்க. ஹெல்மெட்டைக் கழற்றி, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றுங்க. பேச்சு குழறினாலோ, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் வந்தாலோ அது சாதாரணக் களைப்பு அல்ல. வெப்பத்தாக்கு. 999க்கு அழைத்துவிட்டு, உதவி வரும்வரை உடம்பைக் குளிர வைத்துக்கொண்டே இருங்க.

தண்ணீர் விஷயத்திலும் ஒரு தவறு உண்டு. நம் ஊர் சூட்டில் மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வை போகலாம், அதோடு உப்பும் போகும். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் உப்பின் அளவு இறங்கிவிடும். இரண்டு பாட்டில் எடுத்துப் போங்க. ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் 100 பிளஸ் மாதிரி உப்பும் சர்க்கரையும் கலந்த பானம். பாலிக் பூலாவில் இரண்டையும் மறுபடி நிரப்பாமல் கிளம்பாதீங்க. நீரிழிவுக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள், இந்தப் பானங்களைப் பற்றியும் வெறும் வயிற்றில் ஓட்டுவதைப் பற்றியும் முதலில் டாக்டரிடம் பேசிவிடுங்க.

எத்தனை மணிக்குக் கிளம்புவது?

பினாங்கில் சூரியன் வருடம் முழுக்க காலை 7 மணிக்கும் ஏழரைக்கும் இடையில்தான் உதிக்கும். ஆறரைக்குக் கிளம்பினால் முதல் அரை மணி நேரம் இருட்டு. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என இரண்டு விளக்கும் கட்டாயம் வேண்டும். காட்டுச் சாலையில் விடிந்த பிறகும் மங்கலாக இருக்கும் என்பதால் விளக்குகளை அணைக்க வேண்டாம்.

ஒரு மாதிரி அட்டவணை:

- 6.45 தண்ணீர்மலை
- 7.10 ஆயர் ஈத்தாம்
- 8.00 துன் சார்டோன் உச்சி
- 8.20 முதல் 9.00 வரை பாலிக் பூலாவ்
- 10.00 இரண்டாவது உச்சி
- 10.30 தெலுக் பஹாங்
- 11.30 தண்ணீர்மலை

ஒன்பது மணிக்கு மேல் ஒவ்வொரு அரை மணி நேரத் தாமதமும் இரண்டாவது ஏற்றத்தைக் கடினமாக்கும். பாலிக் பூலாவ் லக்சா பேர் போனதுதான். ஒரு கிண்ணம் சாப்பிடுங்க, ஜாதிக்காய்த் தண்ணீர் குடிங்க. ஆனால் பேச்சு சுவாரசியத்தில் பத்து மணிவரை உட்கார்ந்துவிடாதீங்க. லக்சாவும் சூடு, வெளியே வெயிலும் சூடு.

ஜூன், ஜூலையை ஒட்டிய டுரியான் பருவத்தில் இந்த மலைச்சாலைகளில் கார்கள் பெருகும். கடைகளைப் பார்த்ததும் சாலையோரம் திடீரென நிறுத்துவார்கள். தைப்பூச நாள்களில் தண்ணீர்மலையைச் சுற்றிச் சாலைகள் மூடப்படும். திறந்த பிறகும் ரதம் போன வழியெல்லாம் உடைத்த தேங்காயின் சிரட்டைத் துண்டுகளைப் பார்க்கலாம். மெல்லிய டயருக்கு அது ஆகாது. அந்த வாரம் வேறு இடத்திலிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம்.

இறக்கம்தானே சுலபம்?

கால்களுக்குச் சுலபம். மற்றபடி இந்தச் சுற்றின் ஆபத்தான பகுதி இறக்கம்தான்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு நொடிக்கு 11 மீட்டர் கடக்கிறீர்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் காரைப் பார்த்து, பிரேக்கை அழுத்த வேண்டும் என்று மூளை முடிவு செய்வதற்குள்ளேயே அந்த 11 மீட்டர் போய்விடும். ஈரச் சாலையில், ரிம்மைப் பிடிக்கும் பழைய வகை பிரேக் என்றால், நிற்க இன்னும் நீண்ட தூரம் தேவை.

கடைப்பிடிக்க வேண்டியவை:

- வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைங்க. வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் டயர் வழுக்கும்.
- தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்காதீங்க. பிடித்து விட்டு, பிடித்து விட்டு இறங்குங்க. ரிம் சூடாவதைக் குறைக்கும்.
- உங்கள் பாதையில் இருங்க. வளைவில் நடுக்கோட்டைத் தாண்டி எதிரே வரும் காரும் மோட்டார் சைக்கிளும் அபூர்வம் அல்ல.
- மரத்தடி நிழலில் பாசியும் ஈர இலையும் இருக்கலாம். சாலை காய்ந்திருந்தாலும் அந்த இடம் காயாமல் இருக்கும்.
- குழுவாக இறங்கும்போது ஒருவருக்கொருவர் நல்ல இடைவெளி விடுங்க. இறக்கத்தில் போட்டி வேண்டாம்.

மழை பெய்த மறுநாள் ஏன் போகக்கூடாது?

பினாங்கு மலைகள் கருங்கல் மலைகள். ஆனால் மேலே இருப்பது லட்சக்கணக்கான ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் சிதைந்து மண்ணான கல். சாலைக்காகச் சரிவை வெட்டிய இடத்தில் அந்த மண் தண்ணீரைக் குடித்துக் கனமாகும், பிடிப்பு தளரும். மழை நின்ற பிறகும் உள்ளே இறங்கிய தண்ணீர் உடனே வடிந்துவிடாது. அதனால் மறுநாள் வெயிலடிக்கும்போதுகூட மண் சரியலாம், மரம் சாயலாம்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெய்த பேய்மழையில் தீவின் பல இடங்களில் மண் சரிந்தது, மரங்கள் விழுந்தன, மலைச்சாலைகள் பாதிக்கப்பட்டன. அதற்கு இரண்டு வாரம் முன்பு, அக்டோபர் 21ஆம் தேதி, தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அக்டோபர் 19ஆம் தேதி பாயா தெருபோங் பக்கம் புக்கிட் குக்குஸ் சாலைக் கட்டுமானத்தில் நடந்த சரிவில் 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். உங்கள் சுற்று இந்த இரண்டு பகுதிகளையும் தொட்டுத்தான் போகிறது.

பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை அதிகம். ஜனவரி, பிப்ரவரி காய்ந்த மாதங்கள். முதல் முறை போகிறவர்களுக்கு ஆண்டுத் தொடக்கம் ஏற்றது. மற்ற மாதங்களில், முதல் நாள் இரவே வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பைப் பாருங்க. சாலையில் புதிதாகச் சிவப்பு மண்ணோ சிறு கற்களோ சிதறிக் கிடந்தால், பாறைச் சரிவிலிருந்து கலங்கிய தண்ணீர் ஒழுகினால், அங்கே நின்று படம் எடுக்க வேண்டாம். திரும்பிவிடுங்க.

எந்தத் திசையில் சுற்றுவது நல்லது?

நாம் சாலையின் இடப்பக்கம் போகிறவர்கள். அதனால் திசை முக்கியம்.

மேலே சொன்னபடி ஆயர் ஈத்தாமில் தொடங்கிக் கடிகார முள் திசையில் சுற்றினால், பத்து பெரிங்கி பக்கம் வரும்போது கடல் உங்கள் கைப்பக்கம் இருக்கும். காட்சி நன்றாக இருக்கும். பெரிய ஏற்றங்களில் ஒன்றையாவது குளிர்ந்த நேரத்திலேயே முடித்துவிடலாம். ஆனால் குறுகலான அந்தக் கடற்கரைச் சாலைக்கு நீங்கள் வரும்போது மணி பதினொன்று. சுற்றுலாப் பேருந்துகளும் கார்களும் நிறைந்திருக்கும். சாலையோரத்தில் ஒதுங்க அதிக இடம் இல்லை.

எதிர்த்திசையில் சுற்றினால் கடற்கரைச் சாலையை அதிகாலையில், வாகனம் குறைவாக இருக்கும்போதே கடந்துவிடலாம். தெலுக் பஹாங்கில் மலை தொடங்கும் முன்பே நின்று யோசிக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் இரண்டு ஏற்றங்களும் வெயிலில் வரும், கடைசியில் பாயா தெருபோங் நெரிசல் காத்திருக்கும்.

வாகனங்களைக் கண்டு பதறுபவர்களுக்கு எதிர்த்திசை நல்லது. வெக்கை தாங்காதவர்களுக்குக் கடிகாரத் திசை நல்லது. உங்களுக்கு எது பெரிய பிரச்சினை என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

எந்தத் திசையானாலும் ஒன்று. இரண்டு மலைச்சாலைகளிலும் தனிச் சைக்கிள் பாதை கிடையாது. தீவின் கிழக்குக் கரையில் இருக்கும் பாதையைப் போல இங்கே எதிர்பார்க்க முடியாது. காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் போகிற அதே தாரில்தான் நீங்களும். சாலையின் ஓரக்கோட்டுக்கு வெளியே ஒட்டிக்கொண்டு போனால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனா வளைவில் பின்னால் வருபவர் கண்ணுக்கு நீங்கள் கடைசி நொடியில்தான் படுவீர்கள். சாக்கடை மூடியும் சரளைக் கல்லும் அங்கேதான் இருக்கும். கோட்டுக்கு உள்ளே, நேராக, தள்ளாடாமல் போங்க. பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி வழி விடுங்க.

விளக்கும் பிரேக்கும் இல்லாத சைக்கிள்: ஜோகூர் சொன்ன பாடம்

2017 பிப்ரவரி 18ஆம் தேதி அதிகாலை மூன்று மணிவாக்கில் ஜோகூர் பாருவில், மாற்றியமைத்த சைக்கிள்களில் கூட்டமாகப் போன பதின்ம வயதினர் எட்டுப் பேர் கார் மோதி இறந்தது நாட்டையே உலுக்கியது. காரோட்டியைக் கீழ்நீதிமன்றம் இரண்டு முறை விடுவித்தது. 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ஆறு ஆண்டு சிறையும் 6,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்து அவரை விடுவித்தது.

தவறு யாருடையது என்று ஆறு ஆண்டுகள் வாதம் நடந்தது. எந்தத் தீர்ப்பும் அந்தப் பிள்ளைகளைத் திருப்பித் தரவில்லை. மலைச்சாலையில் உங்களுக்கு உரிமை உண்டா என்ற கேள்விக்குப் பதில் "உண்டு". ஆனால் வளைவில் வரும் லாரிக்கு முதலில் தேவைப்படுவது உங்கள் உரிமை அல்ல, உங்கள் பின்விளக்கு.

பெருநிலத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: பினாங்குப் பாலங்களில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் சைக்கிளோடு வரலாம்.

முதல் முறை போகிறவர்கள் எப்படித் தொடங்குவது?

மூன்று படியாகப் போங்க. ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு மூன்று வாரம் இருக்கட்டும்.

முதல் படி: தண்ணீர்மலையிலிருந்து துன் சார்டோன் உச்சிவரை போய், அதே வழியில் திரும்புவது. உங்கள் கியர் போதுமா, இறக்கத்தில் கை வலிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது படி: தண்ணீர்மலையிலிருந்து கடற்கரை வழியாக தெலுக் பஹாங் அணைக்கட்டுவரை போய்த் திரும்புவது. 40 கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும். பத்து பெரிங்கி வாகனங்களோடு ஓட்டப் பழகிவிடும்.

மூன்றாவது படி: முழுச் சுற்று.

எடுத்துப் போக வேண்டியவை: இரண்டு உள் டியூப், டயர் நெம்பி, கைப்பம்பு, ஐம்பது ரிங்கிட் சில்லறையாக, அடையாள அட்டை, முழுதாகச் சார்ஜ் ஏற்றிய கைப்பேசி, முன்கூட்டியே பதிவிறக்கிய வரைபடம். கார் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் "பதினொன்றரைக்குள் நான் கூப்பிடலைன்னா நீ கூப்பிடு" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்க. தேவைப்பட்டால் பாலிக் பூலாவுக்கு வந்து உங்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ள அவர் தயாரா என்றும் முன்னாலேயே கேட்டு வையுங்க. அந்த ஒரு ஏற்பாடு இருந்தால், மலைக்குப் பின்பக்கம் உடம்பு ஒத்துழைக்காத நாளில் இரண்டாவது ஏற்றத்தை முயன்று பார்க்க வேண்டிய கட்டாயம் இருக்காது.

சுற்றி முடித்து தண்ணீர்மலை அடிவாரத்துக்கு வந்ததும், பூங்கா வாசல் பக்கம் உட்கார்ந்து இளநீர் குடிக்கலாம். மிச்சம் இருக்கிற வாழைப்பழத்தை மட்டும் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்க. அங்கே குரங்குகளுக்கு உணவு கொடுக்கத் தடை உண்டு. நீங்கள் கொடுக்கவில்லை என்றாலும், பையை மூடாவிட்டால் அவை எடுத்துக்கொள்ளும்.